28 அங்குலத்துக்கு மேல், 31 அங்குலத்துக்குக் கீழ்

கேள்வி காரைக்குடியில் இருந்து வந்திருக்கிறது. கேட்டவர் போன மே மாதம் நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருந்திருக்கிறார். ராரிடன் விரிகுடாவில் படகெடுத்து மீன் பிடிக்கக் கூட்டிப் போயிருக்கிறான் மகன். தூண்டிலில் வந்த முதல் மீனை அளந்து பார்த்தான், 26 அங்குலம், கடலில் விட்டுவிட்டான். சரி, குட்டி மீன் என்று இவரும் பேசாமல் இருந்துவிட்டார். அடுத்து வந்தது 36 அங்குலம், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். அதையும் விட்டான். "சட்டம் அப்பச்சி. 28க்கு மேலே, 31க்குக் கீழே, அதுவும் ஆளுக்கு ஒண்ணுதான்" என்றானாம். பெரிய மீனை ஏன் விட வேண்டும், இந்த எண்களை யார் எதை வைத்து முடிவு செய்கிறார்கள், இதே சட்டத்தை நம் தொண்டியிலும் கோட்டைப்பட்டினத்திலும் போட்டால் என்ன என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: அந்த மீன் குழம்புக்கு ஆகுமா?

நான் மீன்வளம் படித்து, கடலோரத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது தேவகோட்டையில் இருக்கிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

குட்டியை விடச் சொன்னால் யாருக்கும் புரியும். கொழுத்த மீனைக் கையில் வாங்கிவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விடத்தான் மனசு வராது. அதனால் பெரிய மீனில் இருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மகன் விட்டது ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி உடம்பில் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் நீளவாக்கில் வால் வரை ஓடும். கடலில் வளர்ந்து, வசந்த காலத்தில் ஆற்றுக்குள் ஏறி முட்டை இடுகிற மீன். நம் கொடுவா இதற்கு நேர்மாறு, அது ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து முட்டை இடக் கடல் பக்கம் இறங்கும். ஸ்ட்ரைப்டு பாஸ் முப்பது வருஷம் வரைகூட உயிரோடு இருக்கும். 36 அங்குலம் என்றால் பத்து வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும், அந்த அளவில் வருவது பெரும்பாலும் பெண் மீன். ஆறு வயதுப் பெண் ஒரு பருவத்தில் சுமார் 5 லட்சம் முட்டை இட்டால், பதினைந்து வயதுப் பெண் 30 லட்சம் இடும். முட்டையும் பெரிது, அதில் இருந்து வரும் குஞ்சும் திடமானது. இன்னொன்றும் உண்டு. இந்த மீனுக்கு எல்லா வருஷமும் நல்ல வருஷம் அல்ல. ஆற்றில் வெள்ளமும் குளிரும் சரியாக அமைகிற வருஷத்தில் குஞ்சு கொட்டோ கொட்டென்று கொட்டும், அமையாத வருஷங்களில் ஒன்றுமே தேறாது. நாலைந்து வருஷம் தொடர்ந்து பொய்த்தாலும் வம்சம் அறாமல் இருக்க வேண்டுமானால், அத்தனை வருஷமும் திரும்பத் திரும்ப முட்டை இடக் கிழவிகள் கடலில் இருந்தாக வேண்டும். நம் வீட்டில் விதைநெல்லைத் தனிக் குதிரில் போட்டு வைக்கிற மாதிரிதான்.

கொடுவாவில் இது இன்னும் வேடிக்கை. பிறந்து வளர்ந்து முதலில் பருவத்துக்கு வருவது ஆணாக. பிறகு முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் என்று நீளம் போகும்போது அதே மீன் பெண்ணாக மாறும். ஆகவே "சின்னதைப் பிடிக்காதே, பெரியதைப் பிடி" என்று மட்டும் சட்டம் போட்டால் பெண்களையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவோம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கொடுவாவுக்கு 58 சென்டிமீட்டர் கீழ் எல்லை, 120 சென்டிமீட்டர் மேல் எல்லை, ஒருவர் கையில் ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது. கீழும் மேலும் கோடு போட்டு நடுவில் இருப்பதை மட்டும் எடுக்கச் சொல்லும் இந்த முறைதான் உங்கள் மகன் சொன்னதும்.

இனி, எண்ணை யார் வைக்கிறார்கள் என்பது. அமெரிக்காவில் கரையில் இருந்து மூன்று மைல் வரை மாநிலத்தின் கடல், அதற்கு அப்பால் மத்திய அரசின் கடல். ஸ்ட்ரைப்டு பாஸோ வடக்கே மெயின் மாநிலத்தில் இருந்து தெற்கே வட கரோலினா வரை பத்துப் பதினைந்து மாநிலங்களின் கரையை வருஷா வருஷம் மேலும் கீழும் நடக்கிறது. ஒரு மாநிலம் காப்பாற்றினால் அடுத்த மாநிலம் பிடித்துவிடும். அதனால் 1942இல் அட்லாண்டிக் கரை மாநிலங்கள் சேர்ந்து ஓர் ஆணையம் வைத்துக்கொண்டன. இன்றும் அந்த ஆணையம்தான் எல்லை சொல்கிறது, மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் அதை எழுதிக்கொள்கின்றன.

ஆணையம் இருந்தும் ஒருமுறை எல்லாம் கைவிட்டுப் போனது. 1973இல் ஒன்றரைக் கோடி பவுண்டு அளவுக்கு வந்த பிடிப்பு, 1983இல் 35 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. 1984இல் மத்தியில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்: ஆணையத்தின் திட்டத்தைப் பின்பற்றாத மாநிலத்தில் இந்த மீன்பிடிப்பையே மத்திய அரசு நிறுத்திவிடலாம். 1985இல் மேரிலாந்து மாநிலம் முழுத் தடை போட்டது. அந்தச் சமயத்தில் செய்த ஒரு வேலை எனக்கு மிகப் பிடிக்கும். 1982இல் பிறந்த குஞ்சுகள் மட்டும் கொஞ்சம் தேறியிருந்தன. அந்த ஒரு வருஷத்துப் பிள்ளைகளை வளர்த்து எடுப்பதே திட்டம் என்று வைத்துக்கொண்டு, அவை வளர வளரக் குறைந்தபட்ச அளவையும் கூட்டிக்கொண்டே போனார்கள், அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பெண்களாவது ஒரு தடவை முட்டை இட்டு முடிக்கும் வரை. 1990இல் கொஞ்சமாகத் திறந்தார்கள். 1995இல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள்.

அளவுகோல் எங்கிருந்து வருகிறது? பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகள்தான் இந்த மீனுக்குப் பெரிய தொட்டில். மேரிலாந்துக்காரர்கள் 1954இல் இருந்து வருஷந்தோறும் அங்கே அதே இடங்களில், அதே மாதிரி கரைவலையை இழுத்து, அந்த வருஷத்துக் குஞ்சு எத்தனை என்று எண்ணி எழுதி வருகிறார்கள். எழுபது வருஷத்துக் கணக்கு! 2011 அமோகம், 2015 நன்று, 2019இல் இருந்து தொடர்ந்து மோசம் என்று அதில் இருந்து சொல்ல முடிகிறது. அந்த 2019இல் வந்த மதிப்பீடு, இருப்பு மறுபடி ஆபத்தான கோட்டுக்குக் கீழே போய்விட்டது என்றது. 2020இல் 28 முதல் 35 அங்குலம் என்று வைத்தார்கள். 2022இல் என்ன ஆயிற்று என்றால், 2015இல் பிறந்த கூட்டம் சரியாக அந்த இடைவெளிக்குள் வந்து நின்றது. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களின் பிடிப்பு முந்தின வருஷத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அடுத்த மே மாதமே அவசர முடிவெடுத்து 35ஐ 31 ஆக்கினார்கள், 31ஐத் தாண்டிய 2015 பிள்ளைகள் தப்பட்டும் என்று. உங்கள் மகன் சொன்ன எண்ணின் கதை இதுதான். இந்த எண் மாறும், ஒவ்வொரு சீசனுக்கும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தூக்கி எறிந்த மீனெல்லாம் பிழைப்பதும் இல்லை. நூறு விட்டால் ஒன்பது சாகும் என்று கணக்கில் வைக்கிறார்கள். விடுகிற மீன் கோடிக்கணக்கில் என்பதால் அந்த ஒன்பதே மொத்தச் சாவில் பெரும் பங்காகிவிடுகிறது. இரை போட்டுப் பிடித்தால் வட்டத் தூண்டில்முள்தான் போட வேண்டும் என்று 2021இல் விதி வந்தது அதனால்தான். வட்டமுள் தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும்.

தேவகோட்டையில் இருந்து திருவாடானை வழியாக ஒரு மணி நேரம் போனால் தொண்டி. நம் செட்டிநாட்டுக்குக் கடல் கிடையாது, ஆனால் கடலுக்கு அடுத்த வீடு. காரைக்குடிக் கடைகளுக்கு வரும் நண்டும் ஓராவும் விளமீனும் தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடிப் பக்கத்தில் இருந்து ஐஸ் பெட்டியில் ஏறி வருபவை. அது பாக் விரிகுடா. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான், அடியில் கடற்புல். ஒரே இழுப்பில் முப்பது நாற்பது வகை ஏறும். அங்கே போய் இந்த மீன் 28 அங்குலம், அந்த மீன் 12 அங்குலம், ஆளுக்கு ஒன்று என்று சட்டம் எழுதினால் எழுதின தாளுக்கு மட்டுமே பயன். ஆளுக்கு ஒன்று என்பது பொழுதுபோக்குக்குப் பிடிப்பவனிடம் சொல்லலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுவதற்குப் பிடிப்பவனிடம் எப்படிச் சொல்வது? தூண்டிலில் வந்த மீனை உயிரோடு விடலாம். விசைப்படகு இழுத்துவரும் இழுவை மடி வலையில் இரண்டு மணி நேரம் அமுங்கி வந்த குஞ்சை அளந்து பார்த்துக் கடலில் போட்டால் அது பிணத்தைப் போடுவதுதான்.

நம் சட்டங்கள் வேறு வழியில் போனதற்குக் காரணம் இது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகைக் கரையில் இருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் போகச் சொன்னது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடை. 2017க்கு முன்னால் அது 45 நாள். பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்று பங்கிட்டிருக்கிறார்கள். இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை. நாளின் மேல், தூரத்தின் மேல், வலையின் மேல் கட்டுப்பாடு உண்டு, மீனின் மேல் 'இத்தனை டன்தான்' என்ற வரம்பு நம் கரையில் கிடையாது.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊருக்கு அளவுச் சட்டம் என்பதே அங்கேதான் இருக்கிறது. இழுவை மடியின் கடைசிப் பையில் கண்ணி சாய்சதுரமாக இருந்தால், இழுக்க இழுக்கக் கண் மூடிக்கொள்ளும். சாயவேட்டியை இரண்டு முனையில் பிடித்து முறுக்கின மாதிரி. கண்ணி பெரிதாகவே இருந்தாலும் குஞ்சு வெளியே போக வழி இராது. அதையே சதுரக் கண்ணியாகத் திருப்பிக் கட்டினால் இழுப்பிலும் கண் திறந்தே இருக்கும், குஞ்சு கடலுக்குள்ளேயே உயிரோடு நழுவிவிடும். 40 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி என்று சொல்வது இதற்காக. நாட்டுப்படகுக்காரர் போடும் செவுள்வலை இன்னும் நயமானது. சின்ன மீன் கண்ணியில் புகுந்து போய்விடும், மிகப் பெரியது மூக்கை இடித்துக்கொண்டு திரும்பிவிடும், நடுத்தரமானதுதான் செவுளில் மாட்டும். அமெரிக்காவில் ஆணையம் கூடி முடிவெடுத்த 28–31 கணக்கை நம் கிழவர் ஒருவர் வலை பின்னும் கட்டையின் அகலத்திலேயே வைத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

மீனின் மேலேயே அளவு வைப்பது நம்மால் ஆகாதது என்று நினைத்துவிட வேண்டாம். இதே கரையில் சங்குக்கு அது இருந்தது. சென்னை மாகாண அரசு காலத்தில் சங்குகுளி அரசின் ஏகபோகம். குளியாளி கொண்டுவரும் சங்கை ஓட்டை போட்ட அளவில் விட்டுப் பார்ப்பார்கள். குறுக்களவு இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைந்து, ஓட்டைக்குள் விழுந்துவிட்டால் அதற்குக் காசு கிடையாது, திரும்பக் கடலுக்குத்தான் போகும். அது சரியாக நடந்ததற்கு இரண்டு காரணம். சங்கு சாகாது, வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்து விட்டாலும் நகர்ந்து போய்விடும். அடுத்தது முக்கியம்: சங்கு போனது வங்காளத்துக்கு, வளையல் அறுக்க. கைக்கு ஏறாத வளையலை அங்கே யார் வாங்குவார்கள்? சின்னச் சங்கை வாங்க ஆள் இல்லை, அதனால் சட்டம் நின்றது.

சிங்கி இறாலுக்கும் அப்படியே. 2003இல் மத்திய வணிக அமைச்சகம் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. பாறைச் சிங்கியில் வகைக்கு ஏற்ப 200, 300, 500 கிராம், மணல் சிங்கிக்கு 150 கிராம். கடலில் யாரையும் துரத்தவில்லை, துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து எடை போட்டார்கள். கேரளம் ஒரு படி மேலே போய் 2015இல் 14 வகைக்கும், 2017இல் மேலும் 44 வகைக்கும் குறைந்தபட்ச நீளம் அறிவித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14. பிடிக்கவும் கூடாது, இறக்கவும் விற்கவும் கூடாது. அதற்காகக் கேரளக் கடலில் மத்தி கொட்டிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2012இல் நாலு லட்சம் டன்னை ஒட்டி இருந்த மத்தி 2021இல் 3,297 டன்னாகப் போனதற்குக் கடல் சூடானதும் ஒரு பெரிய காரணம், அதற்கு ஸ்கேல் வைத்து அளந்து பயன் இல்லை. ஆனாலும் குஞ்சு மத்தியை லாரியில் ஏற்றுவது குற்றம் என்று ஆனதே பெரிய விஷயம்தான்.

நம் பக்கத்தில் அதற்குத் தடையாக நிற்பது சங்காயம். தெரியாதவர்களுக்கு: சாப்பாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கும் பொடி மீன் குவியல். கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகும். ஒருமுறை ஒரு துறையில் அந்தக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கூடையைக் கிளறிப் பார்த்தேன். காரல்தான் அதிகம். அதோடு விரல் நீள விளமீன் குஞ்சு, கட்டைவிரல் அகல ஓரா, பழைய ஒரு ரூபாய்க் காசு அளவில் நண்டு. ஓராவும் விளமீனும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் உங்கள் வீட்டுச் சட்டியில் விழுந்திருக்கும். பக்கத்தில் நின்ற படகுக்காரர் "சார், விட்டா மட்டும் எனக்குத்தான் திரும்ப வரும்னு எழுதிக் குடுப்பீங்களா" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. சங்காயத்துக்குக் கிலோவுக்கு ஒரு விலை இருக்கிற வரை கண்ணியைச் சுருக்குவதில் லாபம் இருக்கிறது. ஆகவே முதலில் பிடிக்க வேண்டியது வாங்குகிறவரை என்பது என் கட்சி. எடை போடும் இடம் நாலு, படகு நானூறு. எதைக் கண்காணிப்பது சுலபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அளவுச் சட்டத்தை நம் கரையில் ஒரே ஒரு உயிரில் தொடங்கச் சொன்னால் நான் நீல நண்டைச் சொல்வேன். வலையில் இருந்து கழற்றினாலும் உயிரோடு இருக்கும், ஓட்டின் அகலத்தை ஒரு தகரத் துண்டால் நொடியில் அளக்கலாம், சுமார் 10 சென்டிமீட்டரை எட்டும்போது பெண் நண்டு பருவத்துக்கு வந்துவிடுகிறது. அதன் சதையை டின்னில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே வாங்குகிற கம்பெனிகளே சின்ன நண்டு வேண்டாம், முட்டை நண்டு வேண்டாம் என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றன. சங்கு வளையலின் கதைதான் மறுபடி.

இதில் நம் சமையலறைக்கும் ஒரு குழப்பம் உண்டு. சினை நண்டு என்று ருசிக்காகத் தேடி வாங்குவது ஓட்டுக்குள் ஆரஞ்சு நிறமாக இருக்கும் சினைப்பை. அது வேறு. அடிவயிற்று மடிப்பில் வெளியே பஞ்சு போல் ஒட்டிக்கொண்டிருப்பது இட்டு முடித்த முட்டை, லட்சக்கணக்கில் இருக்கும். முதலில் மஞ்சளாக இருந்து பொரியும் நேரத்தில் கறுத்துப் போகும். அதைச் சாப்பிடுவதே இல்லை, கழுவும்போது சுரண்டித் தொட்டியில் விடுகிறோம். கடைக்காரர் அதையும் சேர்த்துத்தான் எடை போடுகிறார் என்பதையாவது ஆச்சிமார் கவனிக்கலாம்.

மீனில் ஒன்று சொல்ல வேண்டுமானால் வஞ்சிரம். அது சுமார் 70 சென்டிமீட்டரில்தான் முட்டை இடும் பருவத்துக்கு வருகிறது, எடையில் இரண்டரை கிலோவுக்கு மேல். காரைக்குடியில் கல்யாண வீட்டுக்கு "முழு மீனா, இலைக்கு ஒண்ணு வைக்கிற மாதிரி" என்று கேட்டு வாங்கும் அரைக் கிலோ வஞ்சிரம் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளை. பெரிய மீனைத் துண்டு போட்டு வாங்கினால் ருசியும் கூடுதல், முள்ளும் தொந்தரவு இல்லை. துண்டு மீன்தான் மரியாதை என்று இருந்தது நம் பக்கம். இந்த முழு மீன் மோகம் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

கடைசியாகக் குழம்பு. ஆகும், தாராளமாக ஆகும். ஸ்ட்ரைப்டு பாஸின் சதை வெள்ளையாக, கெட்டியாக, கொடுவாவைப் போல் இதழ் இதழாகப் பிரியும். புளியில் நின்று கொதித்தாலும் கரையாது. வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பையும், தோலுக்கு அடியில் ஓடும் கறுத்த சதையையும் வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள், ஆற்றுவாயில் திரிகிற மீன் என்பதால் பழைய தொழிற்சாலைக் கழிவின் ரசாயனம் அங்கேதான் தங்கும். நியூஜெர்சியில் கர்ப்பிணிப் பெண்களும் சின்னப் பிள்ளைகளும் இந்த மீனைச் சாப்பிட வேண்டாம் என்றே சுகாதார எச்சரிக்கை இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு வேறு மீன் வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கும் உங்கள் வீட்டு ஆச்சிக்கும் எப்போதாவது ஒரு சட்டி வைத்தால் தப்பில்லை, மீன் 28க்கும் 31க்கும் நடுவில் இருந்தால்.